ஒரு வருகைக்கு ஒரு குறை

கெட்டில் பெண்ட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு பலகை உண்டு. ‘ஒரு வருகைக்கு ஒரு குறை மட்டுமே. மற்ற குறைகளுக்குத் தனியாக நேரம் வாங்கவும்.’ ஊரில் எல்லோரும் அதைப் படித்தார்கள், தலையாட்டினார்கள், பிறகு உள்ளே போய் முழங்கால், முதுகு, மூலம் மூன்றையும் ஒரே மூச்சில் டாக்டரிடம் கொட்டிவிட்டு வந்தார்கள். மிர்னா ஹல்வர்சன் ஒருத்திதான் பலகைக்குக் கீழ்ப்படிந்தாள். அவள் பட்ட பாடெல்லாம் அதனால் வந்ததுதான்.

அறுபத்து மூன்று வயதில் இனி அவளை மாற்றவும் முடியாது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனியைத் தவிர ஒன்றுமே இல்லாத நாற்சந்தியிலும் ‘நில்’ என்று எழுதியிருந்தால் நின்று, மூன்று பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு உடம்பு பல இடங்களில் ஒரே சமயத்தில் கெட்டது. காலையில் காப்பியைக் குடித்து முடிக்கிற நேரத்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அது அடங்கினால் தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்த மாதிரி இருக்கும். அதுவும் போனால் தலை கிறுகிறுக்கும். அவள் கணவன் டுவெய்ன் டிராக்டர் மெக்கானிக். நல்ல மனிதன், பேச்சுதான் வராது. நெஞ்சு அடிக்கிறது என்று அவள் சொன்னால் எழுந்து வெளியே போய் வண்டியில் எண்ணெய் பார்ப்பான், பாட்டரி பார்ப்பான், டயரில் காற்றுப் பார்ப்பான். திரும்பி வந்து, வண்டி தயார், டாக்டரிடம் போய்விட்டு வா என்பான். அவனுக்குத் தெரிந்த அன்பு அது.

ஆகவே திங்கட்கிழமை படபடப்புக்காகப் போனாள். புதன்கிழமை உருண்டைக்காக. வெள்ளிக்கிழமை கிறுகிறுப்புக்காக. அடுத்த வாரம் மூன்றுக்கும் எடுத்த பரிசோதனைகளின் முடிவைக் கேட்க, மூன்று முடிவும் மூன்று குறை என்பதால், மறுபடி மூன்று தடவை.

டாக்டர் மலான் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர். மனைவியும் பிள்ளைகளும் குளிர் தாங்காமல் கடற்கரைப் பக்கம் குடிபோய்விட, இங்கே மனிதர் தனியாக, ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கில் வாழ்ந்துகொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் பாதி, கணினி திறப்பதற்குப் போய்விடும். மீதிப் பாதியில் மிர்னாவின் இதயம் நன்றாக இருக்கிறது என்றார். தொண்டை நன்றாக இருக்கிறது என்றார். காது, மூளை, ரத்தம் எல்லாமே வயதுக்கு மீறி நன்றாக இருப்பதாகச் சொன்னார். இவ்வளவும் நன்றாக இருக்கிற ஒருத்தி எதற்காகப் பயப்படுகிறாள் என்று மிர்னாவுக்கே சங்கடமாக இருந்தது.

ஒருநாள் டாக்டர் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கேட்கவேண்டும் என்பது விதி. மிர்னா அதை நிஜக் கேள்வி என்று எடுத்துக்கொண்டாள்.

“எங்க அக்கா ஆர்டிஸ்...” என்று ஆரம்பித்தாள்.

“அக்காவா? அது இந்தக் குறையோட சேர்ந்ததா, தனிக் குறையா?”

மிர்னா யோசித்துப் பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை. “தனின்னுதான் நெனைக்கிறேன்.”

“அப்ப தனியா நேரம் வாங்கிடுங்க” என்றார் டாக்டர், அன்பாகவே.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியில் தேடினாள். அக்கா என்று ஒரு குறை அதில் இல்லை. குடும்பம் என்று தட்டினாள். குடும்பக் கட்டுப்பாடு என்று வந்தது. அதற்கு வியாழக்கிழமை இடமும் இருந்தது. மிர்னா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை நர்ஸ் ஒருத்தி மிர்னாவை எதிரே உட்காரவைத்து, ரப்பர் பொம்மைகளையும் வளையங்களையும் காட்டி, முக்கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினாள். அந்தக் கட்டடத்தில் மிர்னாவிடம் யாரும் அத்தனை நேரம் பேசியது கிடையாது. நடுவில் குறுக்கிடுவது மரியாதையாகப் படவில்லை. கடைசியில் நர்ஸ், கணவரோடு கலந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். மிர்னா வீட்டுக்கு வந்து அப்படியே டுவெய்னிடம் சொன்னாள். டுவெய்ன் ரொட்டியை மென்றுகொண்டே வெகுநேரம் யோசித்தான்.

“இப்பவா?” என்று கேட்டான்.

உண்மையில் ஆர்டிஸ் இலையுதிர் காலத்தில் இறந்துபோயிருந்தாள். வடக்கே, நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போகிற தூரத்தில் அவள் வீடு. தூக்கத்திலேயே போய்விட்டாள். அடக்கத்துக்குப் போனார்கள், சாண்ட்விச் சாப்பிட்டார்கள், உறைபனி விழுவதற்குள் திரும்பி வந்தார்கள். வந்தபின் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காதபோது தானாகச் சொல்கிற ஊர் இல்லை கெட்டில் பெண்ட்.

இந்தச் சமயத்தில்தான் வட்டார சுகாதார ஆணையம் ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்தது. நோயாளிகளில் பத்தில் ஒரு பங்குப் பேர், டாக்டர்களின் நேரத்தில் ஏறக்குறைய பாதியைச் சாப்பிடுகிறார்கள். மிர்னாவுக்குத் தொலைபேசி வந்தது. அவள் ‘அடிக்கடி வருவோர்’ என்ற பிரிவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள் என்றும், தொடக்கக் கூட்டத்துக்கு அவசியம் சுகாதார நிலையத்துக்கு வரவேண்டும் என்றும் ஒரு குரல் சொன்னது. பரிசு விழுந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தாள்.

கூட்டத்தில் பத்துப் பதினொரு பேர் இருந்தார்கள். எல்லோரும் முகம் தெரிந்தவர்கள்தான். மிர்னாவுக்குப் பக்கத்தில் வாசில் ஹ்ரிட்சாக் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்குகிறவர், தேனீ வளர்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். காது மந்தம். காதில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று வாராவாரம் வருவார். நர்ஸ் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்து, விளக்கடித்து உள்ளே பார்ப்பாள். காது கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும். அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிக்கொண்டு போவார். வாரத்தில் ஒரு தடவையாவது யாராவது அவர் தலையைப் பிடித்தார்கள் என்றால் அது அங்கேதான்.

இயக்குநர் லோரெய்ன் ஃபிட்ச் நகரத்திலிருந்து வந்திருந்தார். உயரமான பெண்மணி, சாம்பல் நிறக் கோட்டு. சுவரில் வருகைக் கணக்கைக் கோடாகக் காட்டும் ஒரு வரைபடத்தைப் போட்டுக்கொண்டு பேசினார்.

“உங்கள்ல யாரையும் நாங்க சுமையா நெனைக்கல. சுமை எவ்வளவுன்னு அளந்து பாக்கத்தான் வந்திருக்கோம். ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா, அடிக்கடி வர்றவங்க மனசுல ஏதோ ஒரு வேதனை இருக்கு. அத நாங்க ரொம்ப முக்கியமா எடுத்துக்கறோம். அதனால நீங்க இங்க வராம இருக்கறதுக்கு என்னென்ன உதவி வேணுமோ, அத்தனையும் செய்யப்போறோம்.”

வாசில் குனிந்து, தனக்கு மெதுவாகத் தோன்றிய குரலில், “என்ன சொல்றா?” என்று மிர்னாவிடம் கேட்டார். கூடம் முழுவதும் கேட்டது.

“நமக்கு மனசு சரியில்லையாம்.”

“அதுக்கு?”

“வரவேண்டாங்கறாங்க.”

வாசில் அதை ஒப்புக்கொள்கிற மாதிரி தலையாட்டினார். அவர் வாழ்க்கையில் பல பேர் பல விதமாக அதைச் சொல்லியிருந்தார்கள்.

முதல் உதவி, வேதனையை அளப்பது. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு டேப்லெட் தரப்படும் என்றார்கள். வாசில் தண்ணீர் கேட்டார். விழுங்குகிற டேப்லெட் இல்லை, விரலால் தொடுகிற டேப்லெட் என்று விளக்க வேண்டியிருந்தது. அவருக்குக் கண்ணும் சரியில்லாததால் அதைப் பேசும்படி வைத்தார்கள். காதும் சரியில்லாததால் சத்தமாக வைத்தார்கள். காத்திருப்புக் கூடம் முழுவதும் கேட்கும்படி ஒரு பெண்குரல் இனிமையாகக் கேட்டது: “கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் ஆர்வம் இல்லாமல் எத்தனை நாள் இருந்தீர்கள்?”

வாசில், பனி இடுப்பளவு கிடக்கும்போது மனுஷனுக்கு எதில் ஆர்வம் இருக்கும் என்று அதைத் திருப்பிக் கேட்டார். இயந்திரம் கேள்வியைத் திரும்பச் சொன்னது. எதிரில் இருந்த பால் பண்ணைக்காரர், பாதி நாள் என்று போடுங்கள் என்றார். அவர் மனைவி, அந்த மனிதர் போன சனிக்கிழமை பனிச்சறுக்குப் பந்தாட்டத்துக்குக் கைதட்டினாரே, கொஞ்ச நாள் என்று போடுங்கள் என்றாள். வாக்குவாதம் ஆயிற்று. கடைசியில் பெரும்பான்மைப்படி அவருடைய மனநிலை முடிவாயிற்று. “உங்கள் பதில்களுக்கு நன்றி” என்றது குரல். “நீங்கள் தனியாக இல்லை.” அது உண்மைதான். நாற்காலி ஒன்றுகூடக் காலியாக இல்லை.

மிர்னா தன் முறை வந்தபோது எல்லாவற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்று தொட்டாள். பக்கத்தில் தபால் நிலையத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். பிறகு அது பொய் என்று மனது உறுத்த, மறுநாள் அதைத் திருத்துவதற்கென்றே ஒரு தடவை வந்தாள்.

வேதனையின் அளவு அதிகமாக இருந்தவர்களுக்கு மனநல ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். ஆலோசகர் அடுத்த இலையுதிர் காலத்தில் கிடைப்பார். அதுவரை வரிசையில் இடம் போகாமல் இருக்க, வாரம் ஒருமுறை நேரில் வந்து வேதனையை மறுபடி அளந்துகாட்ட வேண்டும். ஏற்கெனவே வாரம் ஒருமுறை வந்தவர்கள் இரண்டுமுறை வந்தார்கள். வரவே வராத சிலரும், இந்த அளவுகோல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார்கள். வரைபடத்தில் கோடு செங்குத்தாக மேலே ஏறியது.

ஃபிட்ச் மறுபடி வந்தார். இது தோல்வி இல்லை, இத்தனை வேதனை இருப்பது இப்போதுதான் தெரியவந்திருக்கிறது என்றார். அவர் யோசித்துச் சொன்ன அடுத்த உதவி மிக எளிதாக இருந்தது. நிலையத்தின் வாசற்கதவில் வருகிறவர்களை எண்ணும் கருவி பொருத்தியிருந்தது. அடிக்கடி வருவோர் இனிமேல் குப்பைத் தொட்டிகளின் பக்கமாக இருக்கும் சின்னக் கதவு வழியாக வரட்டும் என்று முடிவாயிற்று. அவர்களுடைய அந்தரங்கத்தைக் காக்க, என்று காரணம் சொன்னார்கள். அந்தக் கதவில் கருவி இல்லை. பத்தே நாளில் வருகை பாதியாகக் குறைந்தது. நகரத்திலிருந்து பாராட்டு வந்தது.

ஆனால் நகரத்தில் எவனோ ஒரு வேலையற்ற கணக்கன், வருகை பாதியாகியும் டாக்டரின் நேரம் ஏன் மிச்சமாகவில்லை என்று கேட்டுவிட்டான். அதனால் டெஸ்ஸா நியமிக்கப்பட்டாள்.

டெஸ்ஸாவின் பதவிக்குப் பெயர் வருகை வழிகாட்டி. துடைப்பங்கள் வைத்திருந்த அறையைக் காலி செய்து அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். படித்து முடித்துவிட்டு நேராக வந்தவள். இளகின மனசு என்பது முகத்திலேயே தெரியும். அடிக்கடி வருவோர் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் அவளைப் பார்க்க வேண்டும். இன்றைக்கு நீங்கள் வரவேண்டிய அவசியம் உண்மையில் இருந்ததா என்று அவள் கேட்பாள். அதைக் கேட்பதற்கு அவர்கள் வந்தாக வேண்டும். அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்த வாசகங்கள் இருந்தன. மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை, ‘உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது’ என்று சொல்ல வேண்டும்.

மிர்னா அவளிடம், தன் அக்கா இறந்துபோனதைச் சொன்னாள். சுகாதார நிலையத்தில் அந்த வாக்கியத்தை அவள் முழுதாகச் சொல்லி முடித்தது அதுதான் முதல் தடவை. டெஸ்ஸாவின் கண் கலங்கியது. வாய் மட்டும் பழக்கத்தில், அந்த வருத்தத்தை ஒன்றிலிருந்து பத்துக்குள் எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று கேட்டது. கேட்டபிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குச் சிரமம் வேண்டாமே என்று மிர்னா ஏழு என்றாள்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு காலை மிர்னா போனபோது டெஸ்ஸா துடைப்ப அறையில் அழுதுகொண்டிருந்தாள். மிர்னா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

“மார்ச் முடியறதுக்குள்ள கோடு எறங்கலைன்னா வேலை போயிடும்னு சொல்லிட்டாங்க” என்றாள் டெஸ்ஸா. “இப்பத்தான் வீடு பாத்து வந்தேன். உங்ககிட்ட இத நான் சொல்லக்கூடாது, நீங்க எல்லாம் நோயாளிங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரல. காலையில எழுந்தா நெஞ்சு அடிச்சுக்குது.”

“எனக்கும் அப்படித்தாம்மா.”

மிர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கேட்டாள். எழுதிக் கொடுத்த வாசகம் எதுவும் அவளிடம் இல்லை. அவ்வப்போது ‘உம்’ கொட்டினாள். தான் எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டு வீடு திரும்பினாள்.

அன்று மத்தியானமே பனிச்சறுக்கு அரங்கத்தின் சமையலறையில் கூட்டம் கூடியது. அடிக்கடி வருவோர் அத்தனை பேரும் வந்தார்கள். மிர்னா விஷயத்தைச் சொன்னாள். பிறகு வாசில் மேசையைத் தட்டினார்.

“அந்தப் பொண்ணுக்காக மார்ச் முடியற வரைக்கும் யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணும் வரக்கூடாது. வந்தாலும் ஏப்ரல்ல வெச்சுக்கலாம்.”

அப்படியே தீர்மானம் ஆயிற்று. உடம்பைப் பற்றிய கவலை வந்தால் சுகாதார நிலையத்துக்குப் போகாமல் அரங்கத்துக்கு வந்து காப்பி குடிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். பால் பண்ணைக்காரரின் மனைவி கேக் கொண்டுவந்தாள். அங்கே பலகை எதுவும் இல்லாததால் ஒவ்வொருவரும் எத்தனை குறை வேண்டுமானாலும் சொன்னார்கள். சொல்லிக் களைத்துச் சீட்டாடினார்கள்.

ஒருநாள் வாசில் மிர்னாவிடம், உனக்கு எதற்காகத்தான் அந்தப் படபடப்பு என்று கேட்டார். இயந்திரமும் டாக்டரும் எத்தனையோ கேட்டிருந்தாலும், இந்தக் கேள்வியை அவர்கள் கேட்டதில்லை. மிர்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“தினம் காலையில அக்கா போன் பண்ணுவா” என்றாள். “கல்யாணம் ஆன நாள்லேருந்து. காப்பி குடிச்சு முடிக்கறப்ப மணி அடிக்கும்.”

“என்ன பேசுவீங்க?”

“ஒண்ணும் இல்ல. அவ பூனை என்ன பண்ணிச்சு, நான் என்ன சமைக்கப் போறேன். அவ்வளவுதான். இப்பவும் அந்த நேரம் வந்தா ஒடம்பு தானா போன எடுக்க எழுந்து நிக்குது. போன் அடிக்கல. நெஞ்சுதான் அடிக்குது.”

வாசில் காதில் கையைக் குவித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதி கேட்டிருக்கும். பிறகு, “என்கிட்ட பூனை இல்ல” என்றார். சீட்டைக் கலைத்துப் போட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை மிர்னாவின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவள் ஓடிப்போய் எடுத்தாள்.

“பூனை இல்ல” என்று வாசிலின் குரல் கத்தியது. “ஆனா கொல்லைப்பக்கம் ஒரு மேக்பை வந்து உக்காந்திருக்கு. என்னையே பாக்குது.”

மிர்னா, தான் இன்றைக்கு முட்டைக்கோஸ் உருட்டு செய்யப்போவதாகச் சொன்னாள். வாசிலுக்கு அது கேட்கவில்லை. அவர் அந்தப் பறவையின் வாலைப் பற்றிச் சொன்னார். அவள் அரிசி ஊறப்போட்டதைச் சொன்னாள். அவர் அது பறந்துவிட்டது என்றார். இருவரும் அவரவர் விஷயத்தை முழுதாகச் சொல்லிவிட்டு வைத்தார்கள். படபடப்பு அன்றைக்கும் வந்தது. ஆனால் காதுக்குள் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது அதைக் கவனிக்க அவளுக்கு நேரம் இல்லை. அதன்பின் தினமும் போன் வந்தது.

கோடு இறங்கியது. இந்தத் தடவை நிஜமாகவே இறங்கியது. ஃபிட்ச் மார்ச் கடைசி வாரத்தில் ஒரு வெற்றி விழாவுக்கு நாள் குறித்தார்.

அந்த நாள் காலையில் வாசிலின் போன் தாமதமாக வந்தது. மேக்பை என்று ஆரம்பித்து இருமினார். இருமல் நிற்கவில்லை. மூச்சில் ஏதோ கொதிக்கிற மாதிரி சத்தம். எத்தனை நாளாக இப்படி என்று மிர்னா கத்திக் கேட்டாள். ஒன்றுமில்லை, மாதம் முடியட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மிர்னாவும் டுவெய்னும் போனபோது அவர் சமையலறையில் இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு மேசையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உடம்பு அனலாய்ச் சுட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது.

“இன்னும் நாலு நாள்தான்” என்றார். “அந்தப் பொண்ணோட கோட்ட நான் கெடுக்க மாட்டேன்.”

மிர்னா கெஞ்சினாள், திட்டினாள். அவர் மேசையை விடவில்லை. வாசலில் நின்றிருந்த டுவெய்ன் தொண்டையைச் செருமினான்.

“வாசில், வண்டி ஓடிட்டிருக்கு. பெட்ரோல் வீணாகுது.”

வீண்செலவு என்றால் வாசிலுக்கு ஆகாது. பிடி தளர்ந்தது. டுவெய்ன் அவரைத் தூக்கிக்கொண்டான்.

சுகாதார நிலையத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். ஒரு பெரிய கேக்கின் மேல் சிவப்புப் பாகில் கோடு ஒன்று அழகாக இறங்கியது. காத்திருப்புக் கூடத்திலிருந்து நோயாளிகளை வெளியேற்றி, நகரத்திலிருந்து வந்த விருந்தினர்களை உட்காரவைத்திருந்தார்கள். ஃபிட்ச் ஒலிபெருக்கி முன் நின்றார்.

“இந்த ஊர்ல மன வேதனை அறுபது சதவீதம் கொறஞ்சிருக்கு” என்று பேசிக்கொண்டிருந்தார். “ஒரு உதாரணம் மட்டும் சொல்றேன். வாசில் ஹ்ரிட்சாக்னு ஒரு பெரியவர். வாராவாரம் வந்துட்டிருந்தவர். ஒரு மாசமா இந்தப் பக்கமே வரல. அவர் இப்ப எங்க இருக்கார், எப்படி இருக்கார்னு எங்க யாருக்குமே தெரியாது. இதைத்தான் நாங்க வெற்றின்னு சொல்றோம்.”

கைதட்டல் எழுந்தது. அப்போது வாசற்கதவு திறந்தது. டுவெய்னுக்குச் சின்னக் கதவு விவகாரமெல்லாம் தெரியாது. எண்ணும் கருவி மூன்று முறை கீச்சிட்டது. வாசிலை அவன் முதல் வரிசையில், ஆணையத்தின் துணைத்தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் இறக்கிவைத்தான்.

ஃபிட்ச் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு டெஸ்ஸாவின் பக்கம் குனிந்தார். “இவர் விழாவுக்கு வந்திருக்காரா, இல்ல இது வருகையா?”

ஆண்டவன் புண்ணியத்தில் அது மட்டும் வாசிலுக்குக் கேட்டுவிட்டது. “விழாதான்” என்றார் மூச்சு வாங்க, டெஸ்ஸாவைப் பார்த்துக்கொண்டு. “கேக் சாப்பிட வந்தேன்.” சொல்லிவிட்டு இருமலில் மடங்கிப் போனார்.

டெஸ்ஸாவின் முகம் வெளிறியது. பிறகு, “வருகைதாங்க” என்றாள். எல்லோருக்கும் கேட்டது. “நான் பதிஞ்சுக்கறேன். டாக்டர் எங்க?”

டாக்டர் மலான் பின்வரிசையில் கேக் தட்டோடு நின்றிருந்தார். தட்டை ஒரு விருந்தினர் மடியில் வைத்துவிட்டு ஓடிவந்தார். உள்ளறையில் வாசிலின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இரண்டு நுரையீரலிலும் சளி கட்டியிருந்தது. பிராணவாயுக் குழாயை மூக்கில் பொருத்தி, ஊசி போட்டு, நகரத்துக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். சாலையில் பனி, வர நேரமாகும். வாசிலின் நாடியைப் பிடித்தபடி கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். வெளியே பேச்சு தொடர்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் மிர்னாவை நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கு அந்தப் படபடப்பு இப்ப எப்படி இருக்கு?”

“அது தனிக் குறை டாக்டர்” என்றாள் மிர்னா. குத்தலாகச் சொல்லவில்லை, விதியைத்தான் சொன்னாள்.

டாக்டரின் காது சிவந்தது. காலால் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் தள்ளினார். “ஆம்புலன்ஸ் வரட்டும். அதுவரைக்கும் சொல்லுங்க.”

அவள் ஆர்டிஸைப் பற்றிச் சொன்னாள். பூனையைப் பற்றி, காப்பியைப் பற்றி, அடக்கத்தில் சாப்பிட்ட சாண்ட்விச்சைப் பற்றி. டாக்டர் ஒரு தடவைகூடக் கணினிப் பக்கம் திரும்பவில்லை. அவள் முடித்ததும், இதற்கு என்ன மருந்து எழுதுவது என்று தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, தன் அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேசுவதாகவும், அவளும் அங்கே என்ன சமைத்தாள் என்பதைத்தான் சொல்வாள் என்றும், தான் அதைச் சரியாகக் கேட்பதில்லை என்றும் சொன்னார்.

ஆணையத்தின் ஆண்டறிக்கையில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வாசிலின் அன்றைய வருகை ‘விழாப் பங்கேற்பு’ என்று மாற்றப்பட்டதால் அறுபது சதவீதத்துக்குப் பங்கம் வரவில்லை. ஃபிட்ச் பெரிய பதவிக்குப் போனார். திட்டம் பல ஊர்களுக்கு விரிவாக்கப்பட்டது. அங்கெல்லாம் முதல் வேலையாகச் சுவரை இடித்துச் சின்னக் கதவு வைத்தார்கள். கெட்டில் பெண்டில் வேதனை இவ்வளவு குறைந்துவிட்டபின் வருகை வழிகாட்டி தேவையில்லை என்று டெஸ்ஸாவை அனுப்பிவிட்டார்கள். மிர்னா பள்ளிக்கூடத்தில் சொல்லி அவளுக்குப் பேருந்து ஓட்டும் வேலை வாங்கிக்கொடுத்தாள். இப்போது தூக்கம் வருகிறதாம்.

வாசில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு அனுப்ப இன்னும் பல நாளாகும் என்றார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு காலை, மிர்னா காப்பியைக் குடித்து முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். வாசில் ஹ்ரிட்சாக்கோடு பேசவேண்டும் என்றாள்.

வார்டில் போனை எடுத்த பெண், குடும்பத்தாருக்கு மட்டும்தான் அனுமதி என்றாள். “நீங்க அவருக்கு என்ன உறவு?”

மிர்னாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. ஆனால் அது வாயிலிருந்து தானாக வந்தது.

“தங்கச்சி” என்றாள்.

அந்தப் பெண் போனைக் கட்டிலுக்குக் கொண்டுபோவது கேட்டது. உங்கள் தங்கச்சி பேசுகிறார் என்று அவள் சொல்வதும், அதற்கு வாசில் வார்டு முழுவதும் அதிரும்படி, தனக்குத் தங்கச்சியே கிடையாது, தன் அம்மாவுக்குத் தன்னைப் பெற்றதே போதும் போதும் என்றாகிவிட்டது என்று கத்துவதும் கேட்டது.

பெண் திரும்பி வந்தாள். “அவர் இல்லைங்கறாரே?”

“அவருக்குக் காது கேக்காது. மிர்னான்னு சத்தமா சொல்லுங்க.”

சத்தமாகச் சொன்னாள். ஏதோ உருண்டு விழுகிற சத்தம். பிறகு வாசிலின் குரல், மெலிந்திருந்தாலும் கத்திக்கொண்டு வந்தது.

“மிர்னாவா? கேளு. இங்க கஞ்சியில உப்பே போடறதில்ல. ஜன்னல்ல ஒரு குருவிகூட இல்ல.”

“நான் இன்னைக்கு பெரோகி கொழுக்கட்டை பண்ணப்போறேன்” என்றாள் மிர்னா. “உருளைக்கிழங்க நேத்தே வேகவெச்சுட்டேன்.”

“பக்கத்துக் கட்டில்காரன் பகல்லயே கொறட்ட விடறான்.”

“மாவு கொஞ்சம் தளர்வா போச்சு.”

அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. “ஏன் மிர்னா,” என்றார் வாசில், “நீ எப்ப எனக்குத் தங்கச்சி ஆன?”

“இப்பத்தான்” என்றாள் மிர்னா.

அது அவர் காதில் விழவில்லை. மறுபடி கஞ்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.